திறந்ததா என்று தெரியாது

அந்தப் பெண்மணி "தெரியாது" என்று சொன்ன தடவைகளை நான் எண்ணியிருக்கிறேன். முதல் மாதத்தில் மட்டும் நூற்றுப் பதினேழு. அதற்குமேல் எண்ணவில்லை. எண்ணிய நோட்டை என் மனைவி எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். இரத்த அழுத்த மாத்திரை இரண்டிலிருந்து மூன்றானதற்கு அந்த நோட்டுதான் காரணம் என்பது அவள் கட்சி.

இப்போது மறுபடியும் கோபம் வந்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஒரு வழவழப்பான விளம்பரத் தாள் என் கைக்கு வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று சொல்ல வேண்டுமானால் அந்தப் பெண்மணியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயர் போட மாட்டேன். அவருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. ஆகவே அவர் கணக்குப்படி அதுவும் தெரியாது.

எனக்கு எழுபத்தொரு வயது. துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் எடையும் அளவும் சரிபார்க்கும் ஆய்வாளனாக இருந்தவன். கொல்கத்தாவில், காளிகாட்டில் என் வீட்டு வாசலிலிருந்து மெட்ரோவுக்கு அறுநூற்று நாற்பது எட்டு. ஓய்வுபெற்று வீட்டில் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தவனை, ஆவணங்களைச் சரிபார்க்க ஹவுராவில் ஒரு பட்டறைக்காரர் கூப்பிட்டார். மெட்ரோ, நடை, படகு, மறுபடி நடை. போக ஒரு மணி பத்து நிமிடம். பட்டறைக்கு இடப்பக்கம் இரும்பு உருக்குகிற இடம், வலப்பக்கம் நட்டு போல்ட்டுக் கடை. நடுவில் மூன்று அறைகள். செருப்பைக் கழற்றிவிட்டு, தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு நுழைய வேண்டிய கடைசி அறையில், செயற்கைக்கோளுக்குக் கீல் செய்தார்கள்.

கதவுக்குப் போடுகிறோமே, அந்தக் கீல்தான். சின்னச் செயற்கைக்கோள்களுக்குச் சூரிய ஒளித் தகடு பதித்த சிறகு ஒன்று உண்டு. மேலே போகும்வரை அதை மடித்து நைலான் நூலால் கட்டிவைப்பார்கள். கட்டளை வந்ததும் ஒரு கம்பி சூடாகி நூலை அறுக்கும். ஸ்பிரிங் தள்ளும். சிறகு தொண்ணூறு டிகிரி விரிந்து, கடைசியில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். பூட்டிக்கொள்வதுதான் முக்கியம். பூட்டாத சிறகு ஆடிக்கொண்டே இருக்கும். அதன் ஆட்டத்தில் செயற்கைக்கோளே தடுமாறும்.

அந்தக் கீலைச் சோதிப்பது அந்தப் பெண்மணியின் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். தமிழ்க் குடும்பம், தாத்தா காலத்திலேயே இந்த ஊருக்கு வந்தவர்கள். தமிழைவிட வங்காளம் நன்றாக வரும். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். கண்ணால் பார்க்காத எதையும் தெரியும் என்று சொல்ல மாட்டார். அதுதான் அவர். மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்.

முதல் நாளே எங்களுக்குள் தகராறு.

"முதலாளி இருக்காராம்மா?" என்று கேட்டேன்.

"செருப்பு இல்ல மாமா."

"போயிட்டாரா?"

"செருப்பு இல்ல. அவர் போயிட்டாரான்னு தெரியாது."

முதலாளி உள்ளேதான் இருந்தார். அவர் செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது. எனக்கு வந்த எரிச்சல் நாய்மேல் வரவில்லை, இவர்மேல் வந்தது. சரியாகச் சொன்னவர்கள்மேல் நமக்கு வருகிற எரிச்சல் தனி ரகம்.

நிமாய் என்று ஒரு கடைசல்காரன். ஐம்பத்திரண்டு வயது, கையில் ஒன்பது விரல், வாயில் எப்போதும் பான். சாப்பிட்டானா என்று அவன் மனைவி போனில் கேட்டால் போனை இவரிடம் நீட்டிவிடுவான். இவர் சொல்வார்: "டப்பா காலி. சாப்பிட்டது இவனா, பூனையான்னு நான் பார்க்கல." அந்த அம்மாள் மறுமுனையில் சிரிப்பது எனக்கே கேட்கும்.

விசுவகர்மா பூஜையன்று அந்தச் சந்தில் எல்லாப் பட்டறையிலும் இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, மொட்டைமாடியில் பட்டம் விடுவார்கள். எங்கள் கீலுக்கும் குங்குமம் வைக்க நிமாய் தட்டோடு வந்தான். இவர் குறுக்கே நின்றார். "பெட்டிக்கு வை. கீலுக்கு வேண்டாம். தூள் உள்ள போச்சுன்னா பகவானே வந்து துடைக்க மாட்டார்." நிமாய் முகம் தொங்கிவிட்டது. மாடிக்குப் போய் ஒரு பட்டத்தை அறுத்த பிறகுதான் அவனுக்கு முகம் மலர்ந்தது. "தீதி! பக்கத்துப் பட்டறைக்காரன் பட்டத்தை வெட்டிட்டேன்!" என்று கத்தினான். தீதி என்றால் அக்கா; வயதில் சின்னவரானாலும் பட்டறையில் எல்லோருக்கும் அவர் தீதி.

இவர் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "அறுந்ததைப் பார்த்தியா, அவன் கத்தினதைக் கேட்டியா?"

"போங்க தீதி! இன்னிக்காவது என்னை ஜெயிக்க விடுங்களேன்!"

ஏன் இப்படி ஆனார் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஏதாவது துக்கம் இருக்கும், ஏமாந்திருப்பார் என்று அவர்களே கதையும் கட்டுவார்கள். எனக்குக் காரணம் எதுவும் தெரியாது. சிலருக்கு உயரம், சிலருக்குச் சுருட்டை முடி. இவருக்கு இது.

கீலைக் குளிர்பெட்டியில் வைத்து நாற்பது தடவை திறந்தோம். விண்வெளிக் குளிரில் அது வேலை செய்யுமா என்று பார்க்க. நாற்பதையும் கோடு போட்டு எண்ணியவன் நான். முப்பத்தொன்பது தடவை முழுதாக விரிந்து பூட்டியது. இருபத்தாறாவது தடவை முக்காலில் நின்றது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது. முதலாளி, "நாற்பதில் முப்பத்தொன்பது! பள்ளியில் நான் இவ்வளவு மார்க் வாங்கினதில்லை" என்றார். இவர் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு நாள் அந்த ஒன்றைத் தேடினார். தூசியா, ஸ்பிரிங்கா, பெட்டியின் கோளாறா? கிடைக்கவில்லை. அறிக்கையில் எழுதினார்: "இருபத்தாறாவது ஏன் நின்றது என்று தெரியாது."

"இதைத் தெரிஞ்சுக்கத்தான் மேல அனுப்பறோம்" என்றார் என்னிடம்.

மேலே அனுப்ப வழி கிடைத்திருந்தது. ராக்கெட் தன் சரக்கை இறக்கிவிட்ட பிறகும் அதன் கடைசி அடுக்கு கொஞ்ச காலம் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் சின்னச் சோதனைகளுக்கு இடம் தருவார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு டிபன் டப்பா அளவு இடம். எடை தொள்ளாயிரம் கிராம். அதற்குமேல் ஒரு கிராம் ஏறினாலும் பெட்டி திரும்பிவிடும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். விண்வெளியில் சோதித்தது என்ற ஒரு வரி இல்லாமல் எந்தச் செயற்கைக்கோள்காரனும் கீல் வாங்க மாட்டான். முதலாளிக்கு அந்த வரி வேண்டும். அந்தப் பெண்மணிக்கு இருபத்தாறின் காரணம் வேண்டும். எனக்கு எண்கள் சரியாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஒன்று.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீலின் ஸ்பிரிங் எப்போதும் முறுக்கிலேயே இருக்கும். கை பட்டு நூல் அறுந்தால் சிறகு பட்டென்று அடிக்கும். ஒருமுறை நிமாயின் மோவாயில் அடித்து இரண்டு தையல். அதனால் கீலுக்குக் குறுக்கே ஒரு எஃகு பின் செருகி, அதில் சிவப்பு ரிப்பன் கட்டியிருப்போம். ராக்கெட்டில் பொருத்திய பிறகு, கடைசி நாளில் உருவி எடுக்க வேண்டியது அது. என் அனுமதியில்லாமல் பின்னை யாரும் தொடக்கூடாது என்று எழுதி அறைக்கதவில் ஒட்டியவன் நான். மூன்று மொழிகளில்.

பெட்டியை மூடி முத்திரை வைக்கிற நாள். மறுநாள் காலையில் வண்டி வருகிறது. நிமாய் தூக்கித் தராசில் வைத்தான். தொள்ளாயிரத்துப் பதினொன்று. மூன்று தடவை வைக்கச் சொன்னேன். மூன்று தடவையும் தொள்ளாயிரத்துப் பதினொன்று. எண் நன்றாகத் தெரியும்படி கிட்டப் போய்ப் படம் எடு என்றும் நான்தான் சொன்னேன்.

"பதினோரு கிராம் அதிகம்" என்று அறிவித்தேன். குரலில் கொஞ்சம் திருப்திகூட இருந்திருக்கும். தப்பைக் கண்டுபிடிப்பவனுக்கு எப்போதும் இருக்கிற திருப்தி அது.

எதைக் கழற்றுவது? திருகுகளை எண்ணினோம், ஒயரை அளந்தோம். ஒன்றும் தேறவில்லை. முதலாளி சிறகின் ஓரத்தைக் காட்டினார். சுண்டுவிரல் நகம் அளவு ஒரு சுவிட்ச். சிறகு முழுதாக விரிந்து பூட்டினால் மட்டும் அது அழுந்தும். அழுந்தியதைத் தரைக்குச் சொல்லும். பிடிமானம், ஒயர் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று கிராம்.

"சிறகு விரிய சுவிட்ச் வேணுமா?" என்று கேட்டார் முதலாளி.

"விரிய வேண்டாம்" என்றார் இவர். "விரிஞ்சுதான்னு தெரிய வேணும். இதைக் கழட்டிட்டா எதுக்கு மேல அனுப்பறோம்? கடியாரத்துல முள்ளைப் பிடுங்கிட்டு மணி பாக்கற மாதிரி."

"மின்சாரம் வரும். அதைப் பார்த்தால் தெரியாதா?"

"பாதி விரிஞ்சாலும் வரும் தாதா." அண்ணனைத்தான் இந்த ஊரில் தாதா என்பார்கள்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "மாமா, எடை சரிதானா? இன்னொரு தடவை பாக்கலாமா?"

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மூணு தடவை போட்டாச்சு! முப்பத்துநாலு வருஷம் கப்பல் கப்பலா எடை போட்டவன்கிட்ட நீ எடை கேக்கறியா?"

"ஒரே மாதிரி மூணு தடவை போட்டா மூணு தடவையும் அதேதானே வரும்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். நிமாய் சுவிட்சைக் கழற்றினான். எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு. பேனாவால் எழுதி அடிக்கோடு போட்டேன். கழற்றிய சுவிட்சை அந்தப் பெண்மணி ஒரு காகிதத்தில் மடித்து, மேல் தேதி எழுதி, தன் பையில் போட்டுக்கொண்டார்.

ராக்கெட் கிளம்பிய பகலில் பட்டறையில் எல்லோரும் கைதட்டினோம். அவர் தட்டவில்லை. "ராக்கெட் போச்சு. நம்மது இனிமேதான்" என்றார். பதினோராம் நாள் கட்டளை போயிற்று. அன்று மதியம் ஒரு மணி இருபது நிமிடத்துக்கு மேலேயிருந்து வந்த எண்கள் மின்னஞ்சலில் வந்தன. அதுவரை சுழியமாக இருந்த மின்சாரம் ஏறியிருந்தது. முதலாளி கத்தினார். இருபத்துநான்கு சந்தேஷ் இனிப்பு அடங்கிய பெட்டி வந்தது. நான் இரண்டு சாப்பிட்டேன். சர்க்கரைக்கு ஒன்றுகூட ஆகாது.

அந்தப் பெண்மணி பென்சிலை எடுத்து அறிக்கைத் தாளின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டார். சூரியன் இந்தக் கோணத்தில் இருந்தால், முழுதாக விரிந்த சிறகு இவ்வளவு மின்சாரம் தரும். சூரியன் அந்தக் கோணத்தில் இருந்தால், முக்காலில் நின்ற சிறகும் அதே அளவு தரும். அந்த நேரத்தில் அந்த அடுக்கு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று எங்களிடம் சரியான தகவல் இல்லை. அவ்வளவுதான். இதற்கு ஒரு பென்சில் போதுமாயிருந்தது.

முதலாளி தட்டச்சு செய்து வைத்திருந்த வாசகம்: சிறகு முழுமையாக விரிந்து பூட்டிக்கொண்டது. அதற்கு இரண்டு கையெழுத்து வேண்டும். சோதித்தவர் ஒன்று, ஆய்வாளர் ஒன்று. அந்தப் பெண்மணி அந்த வரியை அடித்துவிட்டு எழுதினார்: "சிறகு நகர்ந்தது. எவ்வளவு என்று தெரியாது. பூட்டியதா என்று தெரியாது."

முதலாளியின் முகம் மாறிவிட்டது. "தீதி, தெரியாது என்று எழுதிக் கொடுத்தால் இந்தக் கடையை மூட வேண்டியதுதான். ஒன்பது பேர் சாப்பிடுகிற இடம். காக்கு, நீங்கள் சொல்லுங்கள். நாற்பதையும் எண்ணியவர் நீங்கள்." காக்கு என்றால் சித்தப்பா. காரியம் ஆக வேண்டியபோது மட்டும் அப்படிக் கூப்பிடுவார்.

நான் கையெழுத்துப் போட்டேன். சோதித்தவர் என்ற இடத்தில் முதலாளி தானே போட்டுக்கொண்டார்.

யாரும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒன்பது பேரை நினைத்துப் போட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். நூற்றுப் பதினேழு தெரியாதுகளும் சேர்ந்து என் காதில் ஒலித்தன. ஒரே ஒரு தடவையாவது தெரியும் என்று சொல்லி அந்த வாயை அடைக்க வேண்டும் என்றிருந்தது.

அந்தப் பெண்மணி தாளை எடுத்துப் பார்த்தார். "சார், நீங்க எண்ணினது கீழ. மேல எதை எண்ணினீங்க?" என்றார்.

சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மறு வாரம், இனி அவர் வேலைக்கு வரவேண்டியதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். மேசையிலிருந்து அவர் எடுத்துப்போனது எட்டுப் பொருள்கள். நான் எண்ணினேன். தடுக்கவில்லை, எண்ணினேன். சில வாரம் கழித்து அந்த அடுக்கு, எங்கள் கீலோடு, விழுந்து காற்றில் எரிந்துபோனது. இனி யார் நினைத்தாலும் போய்ப் பார்க்க முடியாது.

நானும் அந்த வருடக் கடைசியில் முட்டிவலி என்று சொல்லி நின்றுவிட்டேன். பெட்டியோடு ராக்கெட் தளத்துக்குப் போயிருந்த நிமாய், கடைசி நாளில் உருவிய அந்தச் சிவப்பு ரிப்பன் பின்னைக் கொண்டுவந்திருந்தான். அதை எனக்குக் கொடுத்தான், பிரசாதம் மாதிரி. என் மேசைமேல், பேனாக் கிண்ணத்தில், ஒரு வருடம் ஒன்பது மாதம் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை நிமாய் வீட்டுக்கு வந்து விளம்பரத் தாளை நீட்டினான். "தாதா, உங்க கையெழுத்து அச்சுல வந்திருக்கு!" ஒரு பொறியியல் கல்லூரி மூன்று கீல் கேட்டு எழுதியிருக்கிறதாம். மாணவர்கள் சொந்தமாகச் செய்யும் செயற்கைக்கோளாம். தாளில் எங்கள் கீலின் வண்ணப் படம். சிவப்பு ரிப்பன் தொங்குகிறது. கீழே, விண்வெளியில் நிரூபிக்கப்பட்டது. அதற்கும் கீழே, எடை எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம்.

படத்தில் ரிப்பனைப் பார்த்தேன். எடையைப் பார்த்தேன். பேனாக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

கோயில் சந்தில் ஒரு பொற்கொல்லர் கடை. பின்னைத் தராசில் வைக்கச் சொன்னேன். "என்ன தாத்தா, வெள்ளியா?" என்று கேட்டார் கடைக்காரர். "எடையைச் சொல்லப்பா" என்று கத்தினேன். பதினான்கு கிராம். தொள்ளாயிரத்துப் பதினொன்றில் பதினான்கு போனால் எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு. மேலே போகாத பின்னையும் சேர்த்து நான் எடை போட்டிருக்கிறேன். சுவிட்ச் இருந்தபோதே எடை சரியாகத்தான் இருந்தது. அதைக் கழற்றியிருக்கவே வேண்டாம். நான் ஒட்டிய விதியால் யாரும் பின்னைத் தொடவில்லை. கழிக்க வேண்டியவன் கழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். ஆறு தடவை மணி அடித்தது.

"சொல்லுங்க மாமா."

மாமா என்றார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பின், பதினான்கு, எண்ணூற்றுத் தொண்ணூற்றேழு. கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"வெயிட் போட்டப்ப பின் மாட்டியிருந்துதா?"

"மாட்டாம எப்படி இருக்கும்? நான் போட்ட விதி!"

"விதியைக் கேக்கல. நீங்க பாத்தீங்களா?"

அந்தப் பகலை நினைவில் கொண்டுவரப் பார்த்தேன். தராசு தெரிகிறது. எண் தெரிகிறது. நிமாயின் ஒன்பது விரல் தெரிகிறது. கீல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எடுத்த படத்திலும் எண் மட்டும்தான்.

"அன்னிக்கு நிமாய் பின்னைத் தொடவே இல்லைங்கறான்."

"அவன் பயத்துல சொல்வான். பாத்தானா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஏம்மா, உன் வேலை போனதுக்கு நான்தான் காரணம்னு ஒத்துக்கறேன். அதுக்கும் சாட்சி கேப்பியா?"

"கேப்பேன் மாமா. நீங்க கையெழுத்துப் போட்டதை நான் பாத்தேன். அதுக்கு வேணும்னா மன்னிப்புக் கேளுங்க. பின்னை நான் பாக்கல."

பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. இரண்டு.

"அந்தச் சுவிட்ச் இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"காயிதத்துலயே இருக்கு. வேலை செய்யுதான்னு தெரியாது" என்றார்.

மறுநாள் காலையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன்: சிறகு முழுதாக விரிந்து பூட்டியது என்ற அறிக்கையில் உள்ள என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். அது பூட்டியதா என்று எனக்குத் தெரியாது, பார்க்காமல் கையெழுத்திட்டேன். குளிர்பெட்டியில் இருபத்தாறாவது தடவை அது முக்காலில் நின்றதைப் பார்த்தேன். எடை போட்டபோது பாதுகாப்புப் பின்னைக் கழிக்கவில்லை. அப்போது பின் மாட்டியிருந்ததா என்று தெரியாது. சுவிட்ச் தேவையில்லாமல் கழற்றப்பட்டிருக்கலாம். வாங்குகிறவர்கள் தங்கள் கீலில் சுவிட்ச் வைத்துச் சோதித்த பிறகு மேலே அனுப்பவும்.

முதலாளி நான்காம் நாள் போன் செய்தார். காக்கு என்று கூப்பிடவில்லை.

"என்ன காரியம் செய்துவிட்டீர்கள்? இதை எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கிறீர்கள்?"

"மூன்று. உங்களுக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, அந்தப் பெண்மணிக்கு ஒன்று. பதிவுத் தபால். மூன்று ரசீதும் என் முன்னால் இருக்கின்றன. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்."